பேஸ் நூலகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க ராணுவத் தளங்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள், தங்கள் தளத்து நூலகத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய நான்கும் தத்தம் நூலகங்களைத் தனித்தனியாக நடத்துகின்றன. அதனால் திறந்திருக்கும் நேரம், தவணை நாட்கள், ஒரே சமயத்தில் எடுக்கக்கூடிய புத்தக எண்ணிக்கை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் நூலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு ஜெர்மனியில் போஸ்டிங் கிடைத்து ராம்ஸ்டைன் பக்கம் குடிவந்திருக்கிறோம். நூலக அட்டை வாங்க என்னென்ன வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா?
— வாசகி, கைசர்ஸ்லாட்டர்ன்

பணம் எதுவும் வேண்டாம். பாதுகாப்புத் துறை தன் நலச் சேவைகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. கோல்ஃப் மைதானம் 'சி' வகை. தன் செலவுக்குத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். நூலகமோ 'ஏ' வகை. அதன் செலவு முழுவதையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் பணத்திலிருந்தே செய்யலாம். அட்டைக்கும் குழந்தைகளின் கதை நேரத்துக்கும் கோடைகால வாசிப்புத் திட்டத்துக்கும் கட்டணம் இல்லாததற்கு இதுதான் காரணம். தயங்கி நிற்காதீர்கள், உங்கள் கணவரின் பணியோடு சேர்ந்து உங்களுக்கும் வந்த உரிமை இது.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: உங்கள் ராணுவக் குடும்ப அடையாள அட்டை, தளத்து முகவரி அல்லது ஏ.பி.ஓ. எனும் ராணுவ அஞ்சலகத்தின் பெட்டி எண், கைபேசி எண், மின்னஞ்சல். கணவர் கூட வர வேண்டியதில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 10 வயதில்தான் சொந்த அடையாள அட்டை கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டு நூலக அட்டை வாங்கலாம். அப்படிக் கையெழுத்திட்டால், குழந்தை தொலைக்கும் புத்தகத்துக்கும் நீங்களே பொறுப்பு.

ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக வேலைக்கு வந்தவர்களுக்கு நடைமுறை கொஞ்சம் வேறு. உங்களுக்கு எந்தெந்தச் சலுகை உண்டு என்பதை ஒப்பந்தத்தோடு வந்த அனுமதிக் கடிதம்தான் தீர்மானிக்கும். அதன் நகலைக் கொண்டுபோனால் மேசையில் பேச்சு நீளாது.

உங்கள் பகுதியில் விமானப்படையின் நூலகமும் தரைப்படையின் நூலகமும் உண்டு. பட்டியலும் கணக்கும் வெவ்வேறு. இரண்டிலும் பதிவு செய்துவைப்பது நல்லது, ஒன்றில் இல்லாத புத்தகம் அடுத்ததில் இருக்கும்.

நூலகத்தின் இணையச் சேவைகளில் நுழையப் பார்த்தால் 'தகுதி உறுதிப்படவில்லை' என்றே வருகிறது. நூலக அட்டை சரியாகத்தான் இருக்கிறது. எங்கே சிக்கல்?
— வாசகர், ஒகினாவா

நூலக அட்டையில் சிக்கல் இல்லை. எல்லாப் படைகளுக்கும் பொதுவான மின்நூலக இணையதளம், உங்கள் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் ஆகியவற்றை 'டீர்ஸ்' என்ற தகுதிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் கதவு திறக்காது.

தமிழர்களுக்கு இது அடிக்கடி நேரும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. அப்பா பெயர்தான் இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். பிறகு திருமணச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ராணுவப் பதிவில் இன்னொரு விதமாகவும் பெயர் ஏறிவிடும். ஆகவே நீங்கள் வழக்கமாக எழுதும் பெயரை உள்ளிடாதீர்கள். அடையாள அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, இடைவெளி உட்பட அப்படியே உள்ளிடுங்கள்.

அடுத்தது எண். அட்டையில் இரண்டு எண்கள் இருக்கலாம். பாதுகாப்புத் துறை அடையாள எண் 10 இலக்கம். மருத்துவச் சலுகைகளுக்கான நலன் எண் 11 இலக்கம். அடையாள எண் கேட்கும் இடத்தில் நலன் எண்ணைப் போட்டுவிட்டுத் திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். பிறந்த தேதியையும் பாருங்கள். அமெரிக்க முறையில் மாதம் முதலில், நாள் அடுத்து.

மூன்றும் சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்றால், பதிவேட்டில் உள்ள விவரமே தவறாக இருக்கலாம், அல்லது அடையாள அட்டை காலாவதியாகியிருக்கலாம். அதை நூலகரால் திருத்த முடியாது. அடையாள அட்டை அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டையும் திருமணச் சான்றிதழின் மூலத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். படைப் பணியில் இருக்கும் துணைவர் உடன் வர முடியாவிட்டால், அவர் கையெழுத்திட்ட டி.டி. 1172-2 என்ற அடையாள அட்டை விண்ணப்பப் படிவம் வேண்டும்.

உள்ளே நுழைந்த பிறகு வேறொரு தொல்லை வரலாம்: திரைப்படம் ஓடாது, 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வரும். படங்களின் உரிமம் நாடுவாரியாக விற்கப்படுவதால், வீட்டிலுள்ள ஜப்பானிய இணைப்பின் முகவரியைப் பார்த்தே இணையதளம் மறுத்துவிடுகிறது. மின்நூலுக்கும் ஒலிநூலுக்கும் இந்தத் தடை குறைவு. மின்நூல்களைக் கடனாக எடுக்க உதவும் லிப்பி செயலியில் உங்கள் படையின் நூலகத்தைத் தேர்ந்தெடுத்து, எடுத்தவற்றை வைஃபையில் இருக்கும்போதே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலில் படிக்கும் வசதிக்கு அமெரிக்க அமேசான் கணக்கு வேண்டும். அதன் நாட்டை ஜப்பான் என்று மாற்றியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நாலாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள். கணிதத்தில் உதவி வேண்டும். கணவர் பயிற்சிக்குப் போனால் வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார்.
— வாசகி, கேம்ப் ஹம்ஃப்ரீஸ், தென்கொரியா

டியூட்டர்.காம் நிறுவனம் ராணுவக் குடும்பங்களுக்கு நடத்தும் இணையவழிப் பாடஉதவிச் சேவை இப்போதும் கட்டணமில்லாமல் கிடைக்கிறதா என்று முதலில் நூலகத்தில் கேளுங்கள். பாதுகாப்புத் துறையே அதற்குப் பணம் செலுத்திவந்திருக்கிறது. நாள் முழுக்க ஆசிரியர்கள் இருப்பதால் கொரிய நேரத்துக்கும் அமெரிக்க நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு பொருட்டில்லை.

பயன்படுத்தும் விதத்தில் கவனம் வேண்டும். 'பின்னம் புரியவில்லை' என்று மட்டும் எழுதினால் முதல் பத்து நிமிடம் ஆசிரியர் கேள்வி கேட்பதிலேயே போய்விடும். பிள்ளை தானே போட்டுப் பார்த்த கணக்கை, தவறாக இருந்தாலும் சரி, படம் பிடித்துப் பதிவேற்றச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுக்கியது என்பதையும் எழுதட்டும். ஒரு அமர்வுக்கு ஒரு வகைக் கணக்கு போதும். ஆசிரியர் விடையைச் சொல்ல மாட்டார், திரும்பத் திரும்பக் கேள்விதான் கேட்பார். சின்னப் பிள்ளைகள் இதில் பொறுமை இழப்பார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் முதல் சில முறை யாராவது உட்கார்ந்திருப்பது நல்லது. உரையாடல் சேமிக்கப்படுவதால் தேர்வுக்கு முன் திரும்பப் பார்க்கலாம்.

பெரிய வகுப்புக்குப் போகும்போது பீட்டர்சன் தேர்வுப் பயிற்சிகளும் எல்லாப் படைகளுக்கும் பொதுவான மின்நூலகத்தில் இருக்கின்றன. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மாதிரித் தேர்வுகளுக்குத் தனியாகப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. தளத்திலுள்ள பள்ளியின் நூலகம் வேறு, இந்த நூலகம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளிக் கணக்கைக் கொண்டு இங்கே நுழைய முடியாது.

தளத்து நூலகம் வழியாகத் தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா? அம்மா என்னோடு இருக்கிறார். படிக்க எதுவுமில்லை என்று வருந்துகிறார்.
— வாசகர், விசென்சா, இத்தாலி

அலமாரியில் தமிழ் இருக்க வாய்ப்புக் குறைவு. இத்தாலிய மொழி நூல்கள் இருக்கும், ஸ்பானிஷ் இருக்கும். ஆனாலும் வழி இருக்கிறது.

முதல் வழி நூலகங்களுக்கிடையே கடன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புதுதில்லி அலுவலகம் மூலம் பல பத்தாண்டுகளாகத் தமிழ் நூல்களைச் சேர்த்துவருகிறது. சிகாகோ, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களிலும் நல்ல தமிழ்த் தொகுப்புகள் உண்டு. இவை எல்லாம் வேர்ல்ட்கேட் என்ற கூட்டுப் பட்டியலில் தேடக் கிடைக்கின்றன. ஆனால் தேடியவர்கள் பலர் 'ஒன்றுமே இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். புத்தகம் இருக்கிறது, தேடும் எழுத்துக்கூட்டல்தான் பொருந்தவில்லை. அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிவதற்கென ஒரு முறை வைத்திருக்கின்றன. நாம் வாட்ஸ்அப்பில் எழுதும் முறை அதற்குச் செல்லாது. அதன்படி 'ச' எப்போதும் சி என்ற ஆங்கில எழுத்து, எஸ் அல்ல. 'ழ' என்பது கீழே கோடிட்ட எல். இசட்-எச் என்று தேடினால் வராது. 'க' சொல்லின் நடுவில் வந்தாலும் கே-தான், ஜி ஆகாது. 'த' வெறும் டி (t), பின்னால் எச் கிடையாது. சிறுகதைகள் என்று தேட வேண்டுமானால் சி-யில் தொடங்கி, நடுவில் கே, டி (t) போட்டுத் தேடுங்கள். கோடுகளையும் புள்ளிகளையும் விட்டுவிட்டு வெறும் எழுத்துகளைத் தட்டினாலே போதும். கிடைத்த பதிவில் உள்ள ஓ.சி.எல்.சி. எண்ணை, அதாவது வேர்ல்ட்கேட்டில் அந்த நூலின் பதிவு எண்ணைக் குறித்து நூலகரிடம் கொடுங்கள். தமிழ் தெரியாத நூலகருக்குத் தலைப்பைவிட அந்த எண்தான் உதவும்.

எண் கொடுத்தும் மறுப்பு வரலாம். ஏ.பி.ஓ. முகவரிக்கு அமெரிக்க உள்நாட்டு அஞ்சல் கட்டணம்தான் என்றாலும், புத்தகங்களுக்கான மலிவுக் கட்டண அஞ்சல் வாரக்கணக்கில் ஊர்ந்துதான் வரும். சுங்கப் படிவமும் இணைக்க வேண்டும். தவணையில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும் என்பதால் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு அனுப்புவதில்லை. ஒரே நூலுக்கு இரண்டு மூன்று நூலகங்களின் பெயரைக் குறித்துக் கொடுத்தால் வாய்ப்பு கூடும். நூலைக் கேட்காமல், அதிலுள்ள ஒரு கட்டுரையையோ ஓர் இயலையோ மட்டும் வருடி அனுப்பச் சொன்னால் எளிதாகக் கிடைக்கும்.

அம்மாவுக்கு உடனடியாகப் படிக்க வேண்டுமென்றால் இணையம்தான் கைகொடுக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை உண்டு. நூலகக் கணினியில் மதுரைத் திட்டத்தைத் திறக்கும்போது எழுத்துகள் குழம்பித் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய, தகுதரம் என்ற பழைய எழுத்துருவில் உள்ள பிரதி. அதே நூலின் யூனிகோட் பிரதியையோ பி.டி.எஃப். பிரதியையோ எடுங்கள். கண்பார்வை மங்கியவர்களுக்கு யூனிகோட் பிரதியே நல்லது. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். பி.டி.எஃப்.-இல் பக்கம் முழுவதும் பெரிதாகி, வரியைத் தொடர இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தனியார் கூரியர்கள் ஏ.பி.ஓ. முகவரிக்குப் பொருள் கொண்டுவருவதில்லை. ஊரிலிருந்து வருபவர் பெட்டியில் நாலு புத்தகம் வைத்துக் கொண்டுவருவதே இன்றும் நம்பகமான வழி.

படித்து முடித்த தமிழ்ப் புத்தகங்கள் 40 இருக்கின்றன. தளத்து நூலகத்துக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, யோகோசுகா, ஜப்பான்

கொடுக்கலாம். முதலில் நூலகரிடம் பேசுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு அவருடையது. நிபந்தனை போட்டுக் கொடுக்கும் அன்பளிப்பை அரசு நூலகம் பொதுவாக ஏற்காது. நாற்பதையும் கொடுப்பதைவிட, குழந்தைகளுக்கான இருமொழி நூல்களும் பலரும் விரும்பும் நாவல்களுமாகப் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அலமாரியில் இடம் கிடைக்கும். பூஞ்சை வாடை அடிப்பவற்றைக் கொடுக்கவே வேண்டாம். ஜப்பானின் ஈரக் கோடையில் ஒரு புத்தகத்துப் பூஞ்சை ஒரு வரிசையையே கெடுத்துவிடும்.

அன்பளிப்பாக வரும் தமிழ் நூல்கள் அலமாரிக்குப் போகாமல் பின்னறையில் தேங்குவதற்கு முக்கியக் காரணம், அட்டையைப் படித்துப் பட்டியலிட ஆள் இல்லாததுதான். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, கதை எதைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி சேருங்கள். தமிழ் இலக்கியத்துக்கு நூல்களை வகைப்படுத்தும் டூயி எண் 894.811 என்பதையும் குறித்துவிட்டால் நூலகர் உங்களை வாழ்த்துவார்.

நூலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் புத்தகப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். ராணுவத் தளத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பெட்டி, பாதுகாப்புப் பிரச்சினை. கட்டடத்தையே காலி செய்ய வைத்துவிடும்.

பொங்கலையொட்டி நூலகத்தில் குழந்தைகளுக்குத் தமிழ்க் கதை நேரம் நடத்த ஆசை. எப்படிக் கேட்பது, எப்படி நடத்துவது?
— வாசகி, சிகோனெல்லா, இத்தாலி

ஜனவரி நிகழ்ச்சிக்கு அக்டோபரிலேயே கேளுங்கள். அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. ஆண்டு இறுதி விடுமுறையில் பாதி அலுவலகம் காலியாகிவிடும். டிசம்பரில் போய் நின்றால் விளம்பரம் போடக்கூட நேரம் இருக்காது. முன்பெல்லாம் ஜனவரி தவறிப்போனால் மே மாதம் இருந்தது. ஆசிய-பசிபிக் பாரம்பரிய மாதம் என்பதால் அப்போது நூலகமே இப்படிப்பட்ட நிகழ்ச்சியைத் தேடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் துறை 2025-இல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது.

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த வயதினர், எத்தனை நிமிடம், என்ன செய்யப்போகிறீர்கள், நூலகம் என்ன தர வேண்டும். தன்னார்வலராக டி.டி. 2793 ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். பின்னணிச் சோதனை முடியாதவரை குழந்தைகளோடு தனியாக இருக்க முடியாது. நூலகப் பணியாளர் ஒருவர் பார்வையில் இருப்பார். பெற்றோரும் அறையிலேயே இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் இதைப் பண்பாட்டு நிகழ்ச்சி என்று எழுதுங்கள். அறுவடை, மாடு, கரும்பு, புதுப்பானை, கோலம் எல்லாம் தாராளமாக வரலாம். அரசுக் கட்டடம் என்பதால் பூஜை செய்வதாக இருக்கக் கூடாது. வீட்டில் செய்த பலகாரத்துக்குத் தளத்தின் சுகாதாரப் பிரிவு அனுமதி தேவைப்படலாம், முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் வரலாம். சர்க்கரைப் பொங்கலை வீட்டு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் படம் எடுத்துப் பகிரப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வயதினருக்கு 30 நிமிடம் போதும். கைதட்டிப் பாடும் பாட்டு ஒன்றோடு தொடங்கி, 5 நிமிடக் கதை, எழுந்து ஆடும் பாட்டு, இன்னொரு கதை, கடைசிப் பத்து நிமிடம் கைவேலை என்று வையுங்கள். வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. கதையை ஆங்கிலத்தில் சொல்லி, ஐந்தாறு சொற்களை மட்டும் தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். காக்கா-நரி-வடைக் கதை இதற்கு அருமையாகப் பொருந்தும். 'காக்கா', 'நரி', 'வடை', 'பாட்டி' நான்கும் கதை முடிவதற்குள் குழந்தைகள் வாயில் வந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சைகை இருக்கட்டும். காக்காவுக்கு இரு கைகளையும் சிறகாக விரிப்பது, வடைக்கு விரலால் நடுவில் ஓட்டை போடுவது. அந்த ஓட்டைக்குக் குழந்தைகள் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

கைவேலைக்குக் கோலம். மாவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தரைவிரிப்பில் சிந்தினால் எறும்பு வரும், நூலகத்தில் பூச்சி வரக் கூடாது. கடிதத் தாளில் புள்ளிகளை முன்பே அச்சடித்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்குக் கீழே மூன்றுக்கு மூன்று புள்ளி, 6 செ.மீ. இடைவெளி, பெரிய குழந்தைகளுக்கு ஐந்துக்கு ஐந்து, 4 செ.மீ. இடைவெளி. சின்னவர்களால் புள்ளியைச் சுற்றி வளைத்து இழுக்க முடியாது. புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் கோலமாகக் கொடுங்கள். சிக்குக் கோலத்தை ஏழெட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தடித்த வண்ணக் கிரேயான் எடுங்கள், மார்க்கர் அடுத்த தாளுக்கும் மேசைக்கும் ஊறும். 15 குழந்தைகள் பெயர் கொடுத்திருந்தால் 20 தாள் எடுத்துப் போங்கள். தம்பி தங்கைகள் பதிவு இல்லாமல் வருவார்கள்.

கணவர் கப்பலில் ஆறு மாதம் இருக்கப்போகிறார். அவர் குரலில் குழந்தைக்குக் கதை வாசிக்க ஏதாவது ஏற்பாடு உண்டா?
— வாசகி, ரோட்டா, ஸ்பெயின்

உண்டு. யுனைட்டட் த்ரூ ரீடிங் என்ற தொண்டு அமைப்பு 1989 முதல் இதைச் செய்துவருகிறது. படைப் பணியாளர் ஒரு படக்கதையை வாசிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்து குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்வார்கள். உங்கள் நூலகத்தில் பதிவு வசதி இருக்கிறதா, அல்லது செயலி வழியாகச் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். கப்பல் ஏறிய பிறகு இணையம் நிச்சயமில்லை. ஏறுவதற்கு முன்பே நாலைந்து கதைகளைப் பதிவு செய்துவிடுங்கள். பக்கம் புரட்டும்போது படத்தைக் கேமராவுக்குக் காட்டிச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை கையில் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே புரட்டும்.

மாற்றல் வந்துவிட்டது. நூலகப் புத்தகம் ஒன்று மற்றப் புத்தகங்களோடு சேர்ந்து பெட்டியில் ஏறி, பெட்டி கப்பலுக்கும் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?
— வாசகர், ஒகினாவா

முதலில் நூலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். அங்கே கையெழுத்து வாங்காமல் தளத்திலிருந்து விடுபடும் பட்டியல் முடியாத இடங்கள் உண்டு. கடைசி நாளில் அது தெரியவந்தால் விமானத்துக்கே இடைஞ்சல். நூலகப் புத்தகம் அரசுச் சொத்து. பொதுவாக இரண்டு வழி இருக்கிறது: அதே பதிப்பை வாங்கிக் கொடுப்பது, அல்லது விலையைச் செலுத்துவது. கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். கெட்டி அட்டைக்குப் பதில் சாதா அட்டை வாங்கினால் ஏற்க மாட்டார்கள். எதுவும் செய்யாமல் போனால் டி.டி. 362 படிவம் வழியாகச் சம்பளத்தில் பிடிக்க முடியும். புதிய ஊரில் பெட்டி வந்ததும் புத்தகத்தை மலிவுக் கட்டண அஞ்சலில் அனுப்பச் சில நூலகர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மாற்றல் வருபவர்களுக்கு: மூட்டை கட்டுபவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கட்டுவார்கள், குப்பைக்கூடையைக்கூடக் குப்பையோடு கட்டிவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் கணக்கையும் சேர்த்து 'ஒன்றும் பாக்கியில்லை' என்று அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு மின்நூல் மட்டும் எடுங்கள், அது தானாகவே திரும்பிப் போய்விடும்.

சொந்தப் புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொழில் சார்ந்த நூல்களும் கருவிகளும் பணியாளருக்கு 2,000 பவுண்ட் வரையிலும், துணைவருக்கு 500 பவுண்ட் வரையிலும் வீட்டுச் சாமான் எடைக் கணக்கில் சேராது. ஒன்றரைக் கனஅடிப் புத்தகப் பெட்டி நிரம்பினால் 40 முதல் 50 பவுண்ட் வரும். ஆக, துணைவருக்குப் பத்துப் பெட்டி. ஆசிரியை, செவிலியர், கணக்காளர் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. முன்கூட்டியே அறிவித்து, தனியாகக் கட்டி, தனியாக எடை போட வேண்டும். நாவல்களையும் சமையல் நூல்களையும் இதில் சேர்க்க முடியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலில் முதுகலை படித்தேன். தளத்து நூலகத்தில் வேலை கிடைக்குமா?
— வாசகி, விசென்சா

அமெரிக்க அரசுப் பணிகளின் வகைப்பாட்டில் நூலகர் பதவி 1410 என்ற தொடரிலும், நூலகத் தொழில்நுட்பர் பதவி 1411 என்ற தொடரிலும் வரும். முதலாவதற்கு நூலக அறிவியலில் முதுநிலைக் கல்வியோ அதற்கு நிகரான கல்வியும் அனுபவமுமோ வேண்டும். இரண்டாவதற்கு அந்தப் பட்டம் கட்டாயமில்லை. இந்தியப் பட்டம் செல்லும். ஆனால் அமெரிக்கப் பட்டத்துக்கு நிகரானது என்று அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாத விண்ணப்பம் தகுதிப் பரிசீலனையிலேயே நின்றுவிடும். பாடவாரியாக மதிப்பிடச் சொல்லுங்கள், பட்டத்தின் பெயரை மட்டும் மதிப்பிட்டால் போதாது. அரசு நிதியில் சம்பளம் பெறும் பதவிகளுக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை தேவை.

காலியிடம் வரும்வரை தன்னார்வலராகச் சேருங்கள். செய்த மணிநேரத்தை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், விண்ணப்பத்தில் அனுபவமாகக் காட்டலாம். 1411 தொடரில் நுழைந்து பிறகு 1410-க்குப் போனவர்கள் உண்டு.

தளத்துக்கு வெளியே வசிக்கும் தமிழ் நண்பர்களை நூலகத்துக்கு அழைத்துவரலாமா?
— வாசகர், கைசர்ஸ்லாட்டர்ன்

விருந்தினராக வாயிலில் கையெழுத்திட்டு அழைத்துவரலாம். கடவுச்சீட்டு வேண்டும், நீங்கள் கூடவே இருக்க வேண்டும். உட்கார்ந்து படிக்கலாம், புத்தகம் எடுக்க முடியாது. பாதுகாப்பு நிலை 'சார்லி' அளவுக்கு உயர்ந்தால் விருந்தினர் அனுமதி நின்றுவிடும், நூலகமே மூடப்படலாம். புறப்படும் அன்று காலையில் தளத்தின் முகநூல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் நூலகத்தின் நேரத்தைக் குறைக்கப்போவதாகப் பேச்சு. எல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?
— வாசகி, யோகோசுகா

படைவீரர்களுக்குப் புத்தகம் என்பது நேற்று வந்த ஆடம்பரமில்லை. 1917-இல் அமெரிக்க நூலகச் சங்கம் போர்முகாம்களுக்குப் புத்தகம் அனுப்பத் தொடங்கியது. அப்போது பிரான்சுக்குப் போன நூல்களைக் கொண்டுதான் 1920-இல் பாரிஸில் அமெரிக்க நூலகம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சட்டைப் பையில் அடங்கும் பதிப்புகள் 1,322 தலைப்புகளில் 12 கோடிக்கும் மேல் அச்சாகி வீரர்களுக்கு இலவசமாகப் போயின. இன்றைக்கும் புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு, வீடும் இணைய இணைப்பும் கிடைக்காமல் விடுதி அறையில் கிடக்கும் வாரங்களில், குழந்தைகளோடு போய் உட்கார ஒரே இடம் நூலகம்தான். நேரத்தைக் குறைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

அவர்கள் பார்ப்பது எண்ணிக்கையை. வாசலைக் கடந்தவர்கள், கடனாகப் போன புத்தகங்கள், நிகழ்ச்சிக்கு வந்தவர்கள், மேசையில் கேட்ட கேள்விகள், மின்நூல் தரவிறக்கம் எல்லாம் மாதந்தோறும் பதிவாகின்றன. எனவே நூலகத்திலேயே உட்கார்ந்து படிப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் திருப்பி வைத்துவிட்டால், அது யாரும் தொடாத புத்தகமாகவே கணக்கில் நிற்கும். மேசையிலோ தள்ளுவண்டியிலோ விட்டுவிடுங்கள்; பணியாளர் எண்ணிய பிறகு அடுக்குவார். குடும்பத்தில் ஒருவர் அட்டையிலேயே எல்லாரும் எடுக்காமல் தனித்தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு வந்தால் பதிவுத் தாளில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதுங்கள்.

ஐஸ் எனப்படும் பாதுகாப்புத் துறையின் கருத்துப் பதிவு முறையிலும் எழுதுங்கள். 'அருமை, நன்றி' என்பது நூலகருக்கு மகிழ்ச்சி தரும், நேரத்தைத் தீர்மானிப்பவருக்கு உதவாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதற்காக வருகிறீர்கள், அந்த நேரம் போனால் என்ன நின்றுபோகும் என்று மூன்று வரியில் எழுதி, பதில் வேண்டும் என்ற கட்டத்தையும் குறியிடுங்கள்.